ஜூன் 5-இல் ஏன் நட்டீர்கள்?

கேள்வி: எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஜூன் 5 அன்று 60 கன்று நட்டோம். தீபாவளிக்குள் 14 தான் மிஞ்சியது. "எல்லாம் போட்டோவுக்குத்தானே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். எங்கே தப்பு?
- வாசகி, பெரம்பூர்

பதில்: தேதியில்தான். அது உலகச் சுற்றுச்சூழல் தினம், சரி. ஆனால் சென்னையில் அப்போது அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், தார் ரோடு கொதிக்கும், பெரிய மழைக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கும். 1950-இல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம்.முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம்கூட ஜூலையில்தான் வருகிறது. அது தென்மேற்குப் பருவமழை நனைக்கிற ஊர்களுக்கான கணக்கு. நமக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் கொட்டுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. செப்டம்பர் கடைசியில் இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து வைத்துவிட்டு, முதல் நல்ல மழை இறங்கியதும் நடுங்கள், அப்புறம் கொஞ்ச நாளைக்கு வானம் பார்த்துக்கொள்ளும். கறுப்பு பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட்டீர்களா? பையோடு புதைத்த கன்றுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன், வேர் உள்ளேயே சுருண்டு கிடக்கும்.

பரீட்சை முதல் இரண்டு கோடை. மிஞ்சிய 14-ம் யார் யார் வீட்டு வாசலில் நிற்கின்றன என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் தண்ணீர் ஊற்றியிருப்பார். அடுத்த முறை 60 வேண்டாம், 15 போதும், எந்தக் கன்று எந்த வீட்டுப் பொறுப்பு என்று நடும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வர்தா புயலில் எங்கள் தெரு மரங்கள் வரிசையாகச் சாய்ந்து இரண்டு கார் நொறுங்கியது. மறுபடியும் மரமா?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: 2016 டிசம்பர் 12-ஐ நீங்கள் மறக்க முடியாதுதான். ஆனால் மரத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர், தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி என்று சீக்கிரம் நிழல் தரும் மரங்களை ஊர் முழுக்க வைத்தோம். அப்புறம் கேபிளுக்கும் கால்வாய்க்கும் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டினோம், அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசினோம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதே, அதை நம் தெருவிலும் நாமே செய்யலாம். புன்னை, பூவரசு, புங்கம், வேம்பு, மகிழம் வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே என்றால் பவழமல்லி, மந்தாரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வருஷா வருஷம் கிளையை மொட்டையடிப்பார்கள்.

கேள்வி: ஒரு மரம் வைத்தால் என் பைக் விடும் புகைக்குச் சரியாகிவிடுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருஷத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, இனத்தையும் வயதையும் பொறுத்து இது நிறைய மாறும். அதாவது ஒன்பது லிட்டர், ஒரு டேங்க்கூட இல்லை! பூமியின் சூட்டைத் தெருமரம் குறைத்துவிடும் என்று நம்பி நட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏற்கெனவே ஏறிவிட்ட சூட்டில் தெருவில் நடக்க, பஸ்ஸுக்கு நிற்க, தள்ளுவண்டி போட நிழல் வேண்டும், அதற்கு நடுங்கள். இலை விடும் நீராவியும் காற்றைக் குளிர்விக்கும், ஆனால் நம்முடைய பிசுபிசுப்புக் காற்றில் அதன் பலன் குறைவு. சுவர் மேலும் தார் மேலும் வெயில் விழாமல் தடுப்பதுதான் பெரிய லாபம், பகலில் சூடேறாத சுவர் ராத்திரியில் அனல் விடாது.

கேள்வி: எங்கள் பக்கம் நடவே இடமில்லை. என்ன செய்ய?
- வாசகி, கோடம்பாக்கம்

பதில்: கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி, அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடத்தை 'நிழல்' அமைப்பினரும் தன்னார்வலர்களும் 2006-இலிருந்து மரப்பூங்காவாக மாற்றினார்கள். உங்கள் வார்டிலும் அப்படி ஒரு குப்பைமேடு இருக்கும், மாநகராட்சி அனுமதியோடு தொடங்குங்கள். முதலில் கோட்டூர்புரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், யாராவது கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடலாம்.