பாம்புத் தொட்டியில் எதை விரிக்கலாம்?

கேள்வி: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் முறைப்படி பதிவுசெய்து பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வளர்க்கிறேன். தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். கடையில் ஒரு மூட்டை மரச்சீவல் கொடுத்தார்கள். பிரித்ததும் அறையே கமகமக்கிறது. அதையே விரிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம், விரித்திருந்தால் இன்றே அள்ளிவிடுங்கள். அந்த வாசனைதான் ஆபத்து. செடார், தேவதாரு, சரியாக உலர்த்தாத பைன் ஆகியவற்றின் எண்ணெயும் பிசினும் தொட்டிச் சூட்டில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூடிய இடத்தில் பாம்பு இரவும் பகலும் அதைத்தான் சுவாசிக்கும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். மரப்பட்டறைத் தூளும் கூடாது. எந்த மரம், என்ன கரையான் மருந்து, எவ்வளவு பிளைவுட் பசை என்று யாராலும் சொல்ல முடியாது.

பால் பைத்தான் ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் பாம்பு. அதற்கு 55 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் தேவை. இதற்குப் பொருத்தமான சரக்கு உங்களுக்குப் பக்கத்தில் பொள்ளாச்சியிலேயே கிடைக்கிறது: தேங்காய் மட்டைச் சில்லு இரண்டு பங்கு, நார்க்கழிவு, அதாவது கோகோபீட், ஒரு பங்கு. உங்கள் தொட்டியில் 6 செ.மீ. உயரத்துக்கு விரிக்க 24 லிட்டர் பிடிக்கும். 650 கிராம் கோகோபீட் கட்டி ஒன்று ஊறினால் எட்டு லிட்டருக்கு மேல் வரும். மீதி 16 லிட்டர் சில்லு.

கோகோபீட்டில் இயல்பாகவே உப்பு உண்டு. ‘லோ இ.சி.’, அதாவது உப்பு குறைவு, என்று அச்சிட்டதாக வாங்கினாலும் துணிப்பையில் கட்டி மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். பிறகு சாக்கில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் சொட்டுத் தண்ணீர் வடியக் கூடாது. கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். மாடித் தோட்டத்துக்கென விற்கும் கலவையை மட்டும் வாங்காதீர்கள். அதில் வேப்பம் புண்ணாக்கும் உரமும் கலந்திருக்கும்.

இரையாகக் கொடுக்கும் உறைந்த எலியை, பனி நீங்கியதும் காகிதத்தில் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு டைல்ஸ் துண்டின் மீது வைத்துக் கொடுங்கள். ஈர எலியில் ஒட்டிய சில்லு வயிற்றுக்குள் போனால் குடல் அடைபடலாம்.

கேள்வி: கார்ன் ஸ்நேக்குக்கு ஆஸ்பென் மரச்சீவல் போட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பூசணம். பாம்பின் அடிச்செதில்களில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன.
– வாசகி, சென்னை

பதில்: ஆஸ்பென் நல்ல விரிப்புதான். வாசனை எண்ணெய் இல்லை, பாம்பு குடைந்து சுரங்கம் போட்டாலும் சரியாது. ஆனால் ஈரம் பட்டால் தாங்காது, இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். முழுவதையும் கொட்டிவிட்டு, அச்சிட்ட தாளாக இல்லாமல் வெறும் டிஷ்யூ காகிதம் விரியுங்கள். அடிச்செதில் பழுப்பேறினால், நீர்க்கொப்புளம் எழும்பினால் அது செதில் அழுகல். மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆறிய பிறகு ஆஸ்பெனுக்குத் திரும்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரமே இந்தப் பாம்புக்கு அதிகம். தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடில்லாத பக்கம் வையுங்கள்.

கேள்வி: தொட்டிக்கு அடியில் ஹீட் பேட். 10 செ.மீ. விரிப்பு போட்டதும் மேலே சூடு வரவில்லை. தெர்மோஸ்டாட்டை 40 டிகிரிக்கு ஏற்றிவிட்டேன். சரியா?
– வாசகர், பெங்களூரு

பதில்: உடனே இறக்குங்கள். பாம்பு குடைந்து கண்ணாடி வரை போகும். அங்கே அடிவயிறு வெந்தாலும் அது விலகாமல் படுத்தே கிடக்கும். சென்சாரைப் பேடுக்கு நேர்மேலே, விரிப்புக்கு அடியில் கண்ணாடியோடு ஒட்டி, 32 டிகிரியில் நிறுத்துங்கள். பேடுக்கு மேலே 2 செ.மீ. விரிப்பு போதும். குடைவதற்கான ஆழத்தை எதிர்ப்பக்கத்தில் கொடுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கிடைத்த சாரைக் குட்டியை மீன் தொட்டியில் வைத்திருக்கிறோம். மணல் போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எதுவும் போட வேண்டாம். சாரை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பாம்பு; வீட்டில் வைத்திருப்பது குற்றம். இன்றே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படையுங்கள்.

கேள்வி: விரிப்பை மாற்றும்போது தொட்டியை பினாயில் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கூடவே கூடாது. ஃபீனால் கலந்த எதுவும் பாம்புக்கு நஞ்சு. பீரோவில் போடும் ரசகற்பூர உருண்டையும் அப்படித்தான். எச்சத்தைக் கண்டவுடன் சுற்றியுள்ள விரிப்போடு அள்ளுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றும்போது பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றி, தொட்டியைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். வாசனை முழுதும் போய், கண்ணாடி காய்ந்த பிறகே புது விரிப்பு.