சுவரில் ஓதம், மகனுக்கு வீஸிங்: வீடு மாற்ற வேண்டுமா?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மழைக்காலம் வந்தாலே படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பூத்துவிடுகிறது. 7 வயது மகனுக்கு நவம்பரிலிருந்து இரவில் இருமல், வீஸிங். ஆன்டிபயாடிக் 2 தடவை கொடுத்தாயிற்று. பொங்கலுக்கு மதுரையில் பாட்டி வீட்டில் 10 நாள் இருந்தான், இருமலே இல்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பம். ஓனர், "பெயின்ட் அடித்துத் தருகிறேன்" என்கிறார். வீடு மாற்றிவிடலாமா?

பதில்: பாதி பதிலைப் பாட்டி வீடே சொல்லிவிட்டது. ஊருக்குப் போனால் அடங்கி, வீட்டுக்கு வந்தால் கிளம்பும் இருமல் என்றால், "பையன் எந்தச் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறான்?" என்றுதான் முதலில் கேட்பேன்.

பூஞ்சை விடும் நுண்ணிய வித்துகள் மூச்சோடு உள்ளே போய், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் மூச்சுக்குழாயை வீங்கவைத்து இறுக்கும். ஈரம் கோத்த மெத்தையில் பெருகும் தூசிப்பூச்சியும் கூடச் சேர்ந்துகொள்ளும். இது ஒவ்வாமைதான் என்றால் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் எழுதித் தந்தால் "பழகிவிடுமே" என்று பயப்பட வேண்டாம். மருந்து நேராக நுரையீரலுக்கே போவதால் சிரப்பைவிடக் குறைந்த அளவு போதும். ஆனால் 2 வாரத்தைத் தாண்டிய இருமல் என்பதால், காசநோய் இல்லை என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா இடுக்கில் குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கறுப்புப் பூசணம் என்றாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டியதுதான்.

பெயின்ட்? நான் மேஸ்திரி இல்லை. ஆனாலும் ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கு உரிந்து வருவதை எத்தனையோ வீட்டில் பார்த்தாயிற்று. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தரையிலிருந்து ஏறுகிறதா, பின்பக்கம் பாத்ரூம் குழாய் கசிகிறதா? அதை அடைக்காமல் விமோசனம் இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கட்டடப் பழுதும் குழாய் மாற்றுவதும் ஓனர் பொறுப்பு. சுவரைத் தேதியோடு படம் எடுத்து அனுப்புங்கள். மகனைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். கேட்பவர்களுக்கு நானும் எழுதித் தருவதுண்டு. என் கையெழுத்து புரியாமலேயே ஆள் அனுப்பிய ஓனர்களும் உண்டு!

அதுவரை மகன் வேறு அறையில் படுக்கட்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பூசணத்தை விளக்குமாற்றால் தட்டாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் கலக்கவே கூடாது. வரும் குளோரின் வாயு உங்கள் மூச்சையே அடைத்துவிடும். அப்புறம், ஓத வாடை போக சாம்பிராணி போடுகிறீர்களா? நிறுத்துங்கள். வீஸிங் பிள்ளைக்கு அந்தப் புகை இன்னொரு எதிரி.

ஐப்பசி மழைக்குள் கசிவை அடைத்துத் தந்தால் இருங்கள். மறுபடியும் பெயின்ட் டப்பாவோடு வந்தால், அட்வான்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடி வீடாகப் பாருங்கள். பார்க்கப் போகும்போது, வாஸ்துவெல்லாம் அப்புறம், மூடிக் கிடக்கும் அலமாரியைத் திறந்து ஒருமுறை மோந்து பாருங்கள்.