கல்வெட்டில் அம்மம்மாவை எப்படி எழுதுவது?

கேள்வி: அம்மம்மா 84 வயதில் காலமாகிவிட்டார். கொட்டாஞ்சேனையில் அவரோடுதான் வளர்ந்தேன். வெள்ளிக்கிழமை சிவன் கோயில், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் என்று இருந்தவர். 31ஆம் நாள் கல்வெட்டுக்கு (அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகம்) வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'பக்தி நிறைந்தவர்' என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. 'சைவக் குடும்பத்துக் கல்வெட்டு, அந்தோனியாரை எழுதாதே' என்கிறார் மாமா. எனக்கோ கோயில் பழக்கமே விட்டுப்போய்விட்டது. நான் எழுதலாமா?
– ஒரு பேத்தி, கொழும்பு 13

அன்பு மகளுக்கு,

தாராளமாக எழுதலாம். கும்பிட்டது அம்மம்மா, பக்கத்தில் நின்று பார்த்தது நீங்கள். பார்த்ததைத்தான் எழுதப்போகிறீர்கள்.

என் அப்பம்மாவின் கல்வெட்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. முன்னால் படம், பிறகு தேவாரம், சிவபுராணம், வம்சாவளி, பிள்ளைகள் புலம்பல், நன்றி நவிலல். வாழ்க்கை வரலாறு ஒரே பக்கம். 'தெய்வபக்தியும் விருந்தோம்பலும் மிக்கவர்' என்று போட்டிருக்கிறது. பெயரை மாற்றினால் எங்கள் ஒழுங்கையில் எந்தக் கிழவிக்கும் அது பொருந்தும். எனக்குத் தெரிந்த அப்பம்மா, பள்ளிக்கூடம் போகும் முன் எனக்குத் திருநீறு பூசுவார். பூசும்போது மற்றக் கையைக் குவித்து என் புருவத்துக்குக் கீழே பிடிப்பார், கண்ணில் விழுந்துவிடக் கூடாதென்று. மூக்கு நுனியில் விழுந்த பொடியை மெல்ல ஊதிவிடுவார். வெற்றிலை வாசம் வரும். அதை எழுத வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அது மனதில் ஒரு குறை.

ஆகவே 'பக்தி' என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு வெள்ளிக்கிழமையை எடுங்கள். எத்தனை மணிக்கு எழும்புவார், என்ன சேலை, பூ யாரிடம் வாங்குவார்? சிவன் கோயில் என்று நீங்கள் சொல்வது பொன்னம்பலவாணேசர் கோயில்தானே? 1857இல் பொன்னம்பல முதலியார் தொடக்கியதை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பிறகு கருங்கல்லால் எழுப்பினார். வெளியே வெயிலில் சுட்ட கால், உள்ளே அந்தக் கல்லில் பட்டதும் குளிரும். அங்கே அம்மம்மா எந்தத் தூணோடு சாய்ந்திருப்பார்? கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமா, ஒருநேரச் சோறா? பிள்ளையார் கதை விரதத்தின் 21 நாளும் கதையைத் தானே படிப்பாரா, படிக்கச் சொல்லிக் கேட்பாரா? கால் ஏலாமல் போன பிறகு என்ன செய்தார்? இதற்கெல்லாம் பதில் எழுதினாலே இரண்டு பக்கம் வந்துவிடும். விரத நாளில் எரிந்து விழுவார் என்றால் அதையும் சேருங்கள். பசித்த மனுசிக்குக் கோபம் வரும். அதில் குறைவு ஒன்றுமில்லை.

சரி, மாமாவின் விஷயம். செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் மெழுகுதிரியோடு நிற்பவர்களில் எத்தனையோ நெற்றிகளில் திருநீறு இருக்கும். கொழும்புக்காரர்களுக்கு இது புதிதல்ல, ஒளிக்கவும் தேவையில்லை. ஆனால் மாமாவோடு வாதாடாதீர்கள். தாயை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர். ஒன்று மட்டும் கேளுங்கள்: "மாமா, அம்மம்மா அங்க போகத் தொடங்கினது எந்த வருசம்? ஆருக்கு வைச்ச நேர்த்தி?"

எங்கள் பெண்கள் வருசக்கணக்காக ஒரு வாசலில் திரி கொளுத்தினால் பின்னால் பெரும்பாலும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கும். ஒரு பிள்ளையின் காய்ச்சலாக இருக்கலாம், 83 ஜூலைக் கலவரத்தில் வீடு வந்துசேராத ஒருவருக்காக இருக்கலாம். மாமாவுக்கே வைத்த நேர்த்தியாகக்கூட இருக்கலாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜூன் வரை அந்தத் தேவாலயம் முழுதாகத் திறக்கப்படவில்லையே, அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அம்மம்மா எங்கே திரி கொளுத்தினார் என்றும் கேட்டுப் பாருங்கள். பதிலைச் சொல்லத் தொடங்கினால் மாமாவே எழுதச் சொல்லுவார் என்றுதான் நினைக்கிறேன். அப்போதும் மறுத்தால் 'பேத்தியின் நினைவு' என்று உங்கள் பெயரில் தனிப் பக்கம் ஒன்று கேளுங்கள். அதற்கு மறுப்பு வராது.

அச்சகத்துக்கு ஒரு கிழமையாவது வேண்டும், அதனால் இந்த வார இறுதியில் எழுதி முடியுங்கள். கொடுப்பதற்கு முன், அம்மம்மாவின் சகோதரிகள் யாராவது இருந்தால் போனில் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். வம்சாவளியில் விடுபட்ட பெயரும் பிழையான ஊரும் அவர்களுடைய காதுக்குத்தான் பிடிபடும்.