முதல் கணினி எது? நினைவகம் பிறந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, உலகின் முதல் கணினி அமெரிக்காவின் எனியாக் என்றே பள்ளியில் படித்தோம். அது சரிதானா?

பதில்: 'முதல்' என்பதற்கு முன் எந்த அடைமொழியைச் சேர்க்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். நிரலால் இயங்கிய முதல் இயந்திரம் எதுவென்றால், 1941-இல் பெர்லினில் கொன்ராட் சூசே ரிலேக்களை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளைக் கொண்டு அமைத்த இசட்-3 என்பேன். மின்னணுவியலால் இயங்கியது எதுவென்றால், ஜெர்மானியரின் மறைகுறியீட்டை உடைக்க 1944-இல் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் பணிக்கு வந்த கொலோசஸைச் சொல்ல வேண்டும். போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தும் அது இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்ததால், 1946 பிப்ரவரியில் ஊரறிய அறிவிக்கப்பட்ட எனியாக்குக்கு 'முதல் கணினி' என்ற பெயர் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: எனியாக்கிற்கு நிரல் எழுதியது யார், சார்?

பதில்: ஆறு பெண்கள். ஆனால், தொடக்கத்தில் அவர்கள் செய்ததை 'எழுதுதல்' என்று சொல்வது பொருந்தாது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களுடன் நொடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்த அந்த இயந்திரத்தில், ஒரு கணக்கிலிருந்து வேறொரு கணக்குக்கு மாற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடங்களில் செருகி, சுவிட்சுகளையும் திருப்பி அமைக்க வேண்டியிருந்தது. கணக்கிட நொடிகள் போதும். ஆயத்தம் செய்யவோ நாட்கள் பிடித்தன.

கேள்வி: அப்படியானால் இன்றைய கணினிக்கு நேரடி முன்னோடி எது?

பதில்: என் கணிப்பில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'பேபி'. கட்டளைகளையும் எண்களையும் ஒரே மின்னணு நினைவகத்தில் வைத்துக்கொண்டு, 1948 ஜூன் 21 அன்று அது தன் முதல் நிரலை இயக்கியது. பிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் நினைவகமாகப் பயன்படுத்தியது, பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒரு படக்குழாயைத்தான். திரையில் விழும் மின்னூட்டப் புள்ளிகளே பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள். அவை நொடிக்குள் கசிந்து மறைந்துவிடும் என்பதால், மறைவதற்குள் படித்து மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அதன் கொள்ளளவு 1,024 பிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால், அதாவது 128 பைட். இன்றைய யுனிகோடு கோப்புகளில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பொதுவாக 3 பைட் எடுத்துக்கொள்வதால், ஒரு குறள் வெண்பாவை வைத்தாலே அந்த இடம் ஏறக்குறைய நிறைந்துவிடும். அவ்வளவு சிறிய இடத்தில் 17 கட்டளைகள் கொண்ட நிரலை வைத்து, 2,62,144 என்ற எண்ணுக்கு, அந்த எண்ணைத் தவிர்த்த மிகப் பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். விடை அதில் பாதி என்பது நமக்குப் பார்த்தவுடனே தெரியும். வகுக்கத் தெரியாத பேபியோ திரும்பத் திரும்பக் கழித்தே சோதித்து, ஏறத்தாழ 35 லட்சம் செயல்களுக்குப் பின், 52 நிமிடங்களில் அதைச் சரியாகச் சொன்னது.

கேள்வி: கேம்பிரிட்ஜின் எட்சாக்கைத்தான் முதல் என்று சிலர் சொல்கிறார்களே?

பதில்: அடைமொழிச் சிக்கல்தான் இதுவும். பேபி நினைவகத்தைச் சோதிக்கக் கட்டப்பட்டது. மாரிஸ் வில்க்ஸ் குழுவினரின் எட்சாக், 1949 மே 6 முதல் இயங்கி, ஆய்வாளர்களின் அன்றாடக் கணக்குகளைப் போட்டுத் தந்தது.

கேள்வி: படக்குழாய் நினைவகம் ஏன் வழக்கொழிந்தது?

பதில்: அது நம்பகமாக இயங்கவில்லை. 1953-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் வேர்ல்விண்ட் கணினியில் பொருத்தப்பட்ட காந்த வளைய நினைவகம், மின்சாரம் நின்றாலும் மறக்கவில்லை. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் ஆட்சிதான். 1970-இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற நினைவகச் சில்லு அதை ஓரங்கட்டியது. ஆனால் அச்சில்லின் மின்தேக்கிகளிலும் மின்னூட்டம் கசியும். ஆகவே அதே வகையைச் சேர்ந்த உங்கள் கைப்பேசியின் ரேம் நினைவகம், மான்செஸ்டர் படக்குழாயைப் போலவே, வைத்திருப்பதை நொடிக்குப் பல முறை தானே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது.