மீற்றரைத் தாண்டிய பிறகு: குழாய்த் தண்ணீர் பற்றி வாசகர் கேள்விகள்

மழைக்கால நோய்கள் பற்றி எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றியவை. அதனால் இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிட்டத்தட்ட எல்லாருடைய பயமும் ஆற்றைப் பற்றியும் குளோரினைப் பற்றியும்தான் இருக்கிறது. என் கவலையோ வேறு இடத்தில். படித்துக்கொண்டு போனால் தெரியும்.

கேள்வி: காலையில் குழாயைத் திறந்ததும் குளோரின் மணம் மூக்கில் ஏறுகிறது. இதைக் குடித்துக் குடித்தே சிறுநீரகம் போய்விடும் என்று மாமி சொல்கிறார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா ஐயா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளைக் கொன்றது போக மிச்சமாக விடப்படும் குளோரின்தான், தண்ணீர் பல கிலோமீற்றர் குழாயில் ஓடி உங்கள் வீட்டுக்கு வரும்வரை அதற்குக் காவல். குழாய் வாசலில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது அது மீதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 அதிகபட்சமாக 1 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்த அளவுக்குக் கீழேயே நம் மூக்குக்கு மணம் பிடித்துவிடும் என்பதால், மணக்கிறது என்பதற்காக அளவு கூடிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

மாமியின் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று நாமெல்லாம் பார்த்தோம். ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் காலங்காலமாகக் கிணற்றுத் தண்ணீர் குடித்த விவசாயக் குடும்பங்கள். அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை மீதும் புளோரைட் மீதும்தான் சந்தேகம் இருக்கிறதே தவிர, குளோரின் மீது அல்ல.

மணம் பிடிக்கவில்லை என்றால், வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து மெல்லிய துணியால் மூடிக் கொஞ்ச நேரம் வையுங்கள், போய்விடும். கொதிக்க வைத்தாலும் போய்விடும். ஆனால் கொதித்து ஆறிய தண்ணீரில் அந்தக் காவல் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்து அன்றன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும். குடத்துக்குள் கையோடு கோப்பையை விட்டு அள்ளும் பழக்கமும் வேண்டாம்.

உண்மையில், மணமே இல்லாமல் போகும் நாளில்தான் நான் கவலைப்படுவேன்.

கேள்வி: தண்ணீர் வெட்டு முடிந்து திரும்ப வரும்போது முதலில் தேநீர் நிறத்தில் வருகிறது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். குளிக்கவாவது பாவிக்கலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: கொழும்பின் பழைய பகுதிகளில் நிலத்தடியில் கிடப்பவற்றில் மிகப் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களும் உண்டு. தண்ணீர் நின்று பிறகு வேகமாகத் திரும்பும்போது உட்சுவரில் படிந்த துருவும் வண்டலும் கிளம்பி வரும். துரு பார்க்க அசிங்கமே தவிர, அதனால் உயிராபத்து இல்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் தெளிந்ததும் குளிக்கலாம், துணி துவைக்கலாம். வெள்ளைத் துணியை மட்டும் அன்றைக்கு ஊறப்போடாதீர்கள்.

நான் பயப்படுவது துருவுக்கு அல்ல, கண்ணுக்குத் தெரியாத மற்றதற்கு. குழாய் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும்வரை, வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வெட்டு நேரத்தில் அழுத்தம் விழுந்ததும் அதே வெடிப்பு வழியாக வெளியே தேங்கிக் கிடக்கும் கான் தண்ணீர் உள்ளே வரலாம். அதிலும் சிலர் தெருக் குழாய் இணைப்பில் நேராக மோட்டரைப் பூட்டி இழுக்கிறார்கள். இது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, அந்த மோட்டர் இழுப்பது தண்ணீரை மட்டுமல்ல. ஒழுங்கையின் கடைசி வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் அதற்கு அந்த மோட்டரும் காரணமாக இருக்கலாம். உங்கள் ஒழுங்கையில் யாராவது அப்படிப் பூட்டியிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வெட்டு அறிவித்ததும் உங்கள் தாங்கிக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். தண்ணீர் திரும்பியதும் மீற்றருக்குப் பக்கத்திலுள்ள குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிட்டு, அப்புறம் வால்வைத் திறவுங்கள். வண்டல் ஒருமுறை தாங்கிக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். அன்றைக்குக் குடிக்கும் தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது நான்கு மாடித் தொடர்மாடி. என் இரண்டு பிள்ளைகளுக்கும் அடிக்கடி வயிற்றோட்டம், மேல் வீட்டிலும் அப்படித்தான். வந்து பார்த்தவர்கள் மீற்றரடியில் தண்ணீர் எடுத்துச் சோதித்துவிட்டு நல்ல தண்ணீர் என்று சொல்லிப் போனார்கள். பிறகு எப்படி?
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: அம்மா, அவர்கள் சொன்னதும் சரி, உங்கள் சந்தேகமும் சரி. கொழும்புக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் களனி ஆற்றில் எடுத்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படுவது. 1886இல் கட்டி முடித்த லபுகம நீர்த்தேக்கமும், கலட்டுவாவையும் இன்றும் நகருக்குத் தண்ணீர் தருகின்றன. அங்கே வண்டலைப் படிய வைத்து, மணலில் வடித்து, குளோரின் இட்டுத்தான் அனுப்புகிறார்கள். மீற்றர்வரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. ஆனால் தொடர்மாடியில் யாரும் மீற்றர்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. அது சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியில் விழுந்து, மோட்டரில் ஏறி, மொட்டைமாடித் தாங்கியில் நின்று, அதற்குப் பிறகுதான் உங்கள் சமையலறைக்கு வருகிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். காவலாளியைக் கூட்டிக்கொண்டு கீழே போய்ச் சம்பின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவற்றில் பல, வாகனம் நிறுத்தும் இடத்தில் தரையோடு தரையாக இருந்தன. கார் கழுவும் தண்ணீர் மூடியின் மேலால் ஓடி விளிம்பு வழியாக உள்ளே சொட்டும். மோட்டர் வயருக்கென்று உடைத்த ஓட்டையைச் சுற்றிக் கரப்பான் எச்சம் அப்பியிருக்கும். டோர்ச் அடித்தால் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும், சுவரில் விரல் வைத்தால் வழுவழுவென்று ஒரு படலம். இரண்டு எட்டு தள்ளி மலக்குழியின் மூடி. மழை பெய்து நிலத்தடி நீர் மேலே வரும்போது, இரண்டு குழிகளின் சுவரிலும் வெடிப்பு இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தப் படலமும் வண்டலும் குளோரினைத் தின்றுவிடும். அதனால் மீற்றரடியில் ஒரு கிளாஸ், சமையலறையில் ஒரு கிளாஸ் பிடித்து மணந்து பாருங்கள். அங்கே மணம் இருந்து இங்கே இல்லாவிட்டால் பிழை கட்டடத்துக்குள்தான் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சோதனைக்குக் கொடுப்பதானாலும் இரண்டு இடத்திலும் எடுத்துக் கொடுங்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் செய்கிறார்கள். போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள், குளிரில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது ஈ. கோலை என்ற வரி. 100 மில்லிலீற்றரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சுத்தம் செய்வது. தண்ணீரை இறைத்து, வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு நிரப்பி, 1000 லீற்றருக்கு ஏறக்குறைய 170 கிராம் புதிய ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல் தெளிவை ஊற்றுங்கள். இது குடிக்கும் அளவல்ல, தாங்கியைக் கழுவும் அளவு. ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் மணம் வரும்வரை திறந்து மூடிவிட்டு ஓர் இரவு அப்படியே வைத்து, மறுநாள் முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை இதோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஆழமான சம்புக்குள் ஒருவரைத் தனியாக இறக்கவும் கூடாது. மூடிக்கிடந்த குழியில் காற்றில்லாமல் மயங்கி விழுபவர் மேலே வருவதில்லை, காப்பாற்றப் போனவரும் வருவதில்லை. இதைத் தெரிந்த ஆட்களிடம் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யக் கட்டடத்தில் எல்லாரும் காசு சேர்த்தால் வீட்டுக்குப் பெரிய தொகை வராது.

மேல் தாங்கியின் மூடியையும் விட்டுவிடாதீர்கள். வழிந்தோடும் குழாய் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நகரத்தில் திறந்த தாங்கி இரட்டை ஆபத்து.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை வைத்துக் கரண்ட் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் சேறு மாதிரி ஆகிவிட்டது. நுண்ணிய சவ்வு வழியாக வடிக்கும் அவருடைய ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. அம்மா பயந்து முற்பணம் கொடுக்கச் சொல்கிறார்.
– தெஹிவளையிலிருந்து ஒரு இளைஞர்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்தது. தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும். ஆர்.ஓ. அந்த உப்புகளை எடுத்துவிடுவதால் மின்சாரம் சரியாகப் பாயாது, தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டு அதே கம்பியை வைக்கச் சொல்லுங்கள்.

ஆர்.ஓ. தேவையில்லாத பொருள் என்று நான் சொல்லவில்லை. வவுனியா, அநுராதபுரம் மாதிரி கடினமான, புளோரைட் கூடிய நிலத்தடி நீர் உள்ள இடங்களில் அது உயிர் காக்கிறது. ஆனால் களனித் தண்ணீர் இயல்பாகவே மென்மையானது, அதிலிருந்து எடுக்க வேண்டிய உப்பு இல்லை. ஒரு லீற்றர் எடுக்க அதைவிடக் கூடுதலான தண்ணீர் வீணாக ஓடும், அந்தச் சவ்வை (மெம்பிரேனை) மாற்றும் செலவு வேறு. கொழும்பில் தாங்கியைச் சுத்தமாக வைத்துக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும்.

கேள்வி: கடும் வெயில் காலத்தில் சில நாட்கள் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறதே?
– வத்தளை வாசகர்

பதில்: மழையில்லாமல் களனியின் ஓட்டம் குறைந்தால் கடல்நீர் ஆற்றில் மேலே ஏறி வரும். அதைத் தடுக்க அம்பத்தலைக்குக் கீழே மணல் மூட்டை அடுக்கி அணை போடுவது வழக்கமாக இருந்தது. கொதிக்க வைத்தால் உப்பு போகாது. இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அந்த நாட்களில் வேறு தண்ணீர் குடிப்பது நல்லது. தண்ணீர் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு நான்கு மாதக் குழந்தையோடு ஊருக்குப் போகிறோம். பால்மா கரைக்க வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும்தானே?
– கிருலப்பனை வாசகி

பதில்: போதாது. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே தோட்டத்தில் போடும் யூரியாவும் மலக்குழியிலிருந்து கசிவதும் அதன் வெடிப்புகள் வழியாக எளிதில் கிணற்றுக்குப் போய்விடும். பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தத்தில் மட்டும் அது ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனைக் கெடுத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. முடியாவிட்டால் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கமும் எஸ்.எல்.எஸ். 894 முத்திரையும் உள்ள போத்தல் தண்ணீரை வாங்கி, அதையும் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பால் கரையுங்கள். குழந்தையின் உதடு நீலமாகத் தெரிந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி: எங்கள் கட்டடச் சம்பைச் சுத்தம் செய்யச் சொன்னால் நிர்வாகம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தண்ணீர் சபைக்கு முறையிடலாமா?
– மருதானை வாசகர்

பதில்: அவர்கள் பொறுப்பு மீற்றரோடு முடிகிறது. நீங்கள் போக வேண்டியது உங்கள் வட்டாரத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம். மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தில் கேட்டால் யார் என்று சொல்வார்கள். தனியாகப் போகாமல் நாலைந்து வீட்டார் கையெழுத்திட்டு, சம்பின் படத்தையும், யார் யாருக்கு எப்போது வயிற்றோட்டம் வந்தது என்ற விவரத்தையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தம் முடியும்வரை குடிக்கவும் பல் துலக்கவும் பிள்ளைகளின் போத்தல் கழுவவும் கொதித்த தண்ணீர்தான்.