ஜெர்மனிக்கு வந்து பழகுவது: கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம், புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். படித்தது சமூக உளவியல். விசா, வரி, சம்பளப் பேரம் எல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி. ஊர் மாறி வந்தால் மனசுக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆகிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ம்யூனிக், மென்பொருள் வேலை, வந்து ஐந்து மாதம்: அக்கா, முதல் மூன்று மாதம் தேனிலவு மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு சரிவு, பிறகு மெல்ல ஏறிவிடும் என்று கம்பெனியில் வளைகோடு போட்டுக் காட்டினார்கள். எனக்குத் தேனிலவே வரவில்லை. முதல் வாரமே அழுகை. என்னிடம் ஏதாவது கோளாறா?

கோளாறு அந்தக் கோட்டில்தான் தம்பி. அதன் கதையைச் சொல்கிறேன். 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய தன் நாட்டவர் 200 பேரிடம் பேசினார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியதாகத் தெரிந்தது. இடைப்பட்டவர்கள் திணறியிருந்தார்கள். கவனியுங்கள், ஒரே ஆளை மாதாமாதம் தொடர்ந்து பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டுச் சொன்னார். ‘கலாச்சார அதிர்ச்சி’யைப் பிரபலமாக்கிய மானுடவியலாளர் ஓபெர்க், 1960-இல் வந்த கட்டுரையில் தேனிலவில் தொடங்கும் கட்டங்களாகவே அதை எழுதினார். பயிற்சி நடத்துபவர்களுக்கு அழகான படம் கிடைத்துவிட்டது, விடவே மாட்டேன் என்கிறார்கள்.

1998-இல் காலின் வார்டு என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு அதிகம் இருந்தது தொடக்கத்தில்தான். யோசித்தால் அதுதானே நியாயம்? வீடு கிடைக்கவில்லை, வங்கிக் கணக்கு இல்லை, வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை, பேச ஆளும் இல்லை. இதில் தேனிலவு எங்கிருந்து வரும்?

வார்டு பிரித்துக் காட்டிய ஒன்று என் வேலையில் தினமும் உதவுகிறது. நடைமுறை பழகுவது வேறு, மனசு தெளிவது வேறு. எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், மேலதிகாரியிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்பதெல்லாம் முதல் மாதங்களில் விறுவிறுவென்று ஏறி, பிறகு சமமாகிவிடும். மனசு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. முதலாவது உங்களுக்கு நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் கவலை வேண்டாம். ஆனால் தூக்கமும் பசியும் போய் வாரக்கணக்கில் ஆகிறதென்றால் குடும்ப மருத்துவரிடம் போங்கள். நடு ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 0800 1110111, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பேசுவது ஜெர்மனில்.

அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: மொழி வகுப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஆபீசில் ஆங்கிலம் ஓடும். ஆபீசுக்கு வெளியே ஓடாது.

டார்ம்ஸ்டாட், மாணவர்: மாணவர் விசாவுக்கான பிளாக்டு அக்கவுண்டில் எவ்வளவு பணம் போட வேண்டும்?

தூதரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அடுத்தது.

ஸ்டுட்கார்ட் அருகே, கணவரின் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டு ஊழியருக்கான குடியிருப்பு அனுமதி) வந்தவர்: கோவையில் எம்.பி.ஏ. படித்து ஹெச்.ஆர்.-இல் இருந்தேன். இங்கே காலை எட்டு மணிக்கு அவர் கிளம்பினால் மாலை ஆறு வரை நானும் ஜன்னலும்தான். அம்மாவோடு வீடியோ காலிலேயே பொழுது போகிறது. “கொஞ்ச நாளில் பழகிடும்” என்கிறார் அவர். எனக்குப் பழகவில்லை.

என்னிடம் வருபவர்களில் உங்களைப் போன்றவர்கள்தான் அதிகம். ஏன் என்றும் தெரியும். கணவருக்கு ஆபீஸ், சக ஊழியர், மதியச் சாப்பாட்டு அரட்டை எல்லாம் தயாராக வந்துவிடுகிறது. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணை வருவதற்கு முன் மொழிச் சான்று கேட்பதில்லை. சலுகைதான். ஆனால் அதனாலேயே பலர் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்குகிறார்கள். வேலை செய்ய உங்களுக்கு முழு அனுமதி உண்டு. பலருக்கு இதே தெரியாது.

ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசு நடத்துகிறது. வழக்கமாக 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை இந்த நாட்டுச் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை. சேருங்கள். மொழியைவிடப் பெரிய லாபம், தினமும் காலையில் குளித்துக் கிளம்பிப் போக ஓர் இடம் கிடைக்கிறது. பக்கத்தில் சிரியாக்காரரும் உக்ரைன்காரியும் உங்களைப் போலவே திணறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மாவோடு பேசுவதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். காலைப் பொழுதை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது ஷ்வாபிய நாடு. உங்கள் அடுக்ககத்தில் கேர்வோக்க இருக்கும் என்று நினைக்கிறேன். முறை வைத்துப் படிக்கட்டும் நடைபாதையும் கூட்டித் துடைக்க வேண்டும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். நம்மவர்கள் பலர் இதை அவமானமாக நினைக்கிறார்கள், இல்லை ஆள் வைத்துச் செய்கிறார்கள். நீங்களே செய்யுங்கள். வாளியும் துடைப்பமுமாகப் படியில் நின்றால், இதுவரை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன கீழ்வீட்டுப் பாட்டி நின்று இரண்டு வார்த்தை பேசுவார். மூலையில் தூசி இருக்கிறது என்று சொல்லத்தான் நிற்பார். பரவாயில்லை, இங்கே அதுவும் பேச்சுதான்.

உங்கள் கணவர் இதைப் படித்தால்: தம்பி, ‘பழகிடும்’ என்பது உதவி ஆகாது. அவர் வகுப்பில் சேர வழி செய்யுங்கள், சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வாருங்கள்.

பெர்லின்: சராசரியாக எத்தனை மாதத்தில் செட் ஆகும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஹனோவர், நான்கு வயது மகன்: கிண்டர்கார்டனில் ஜெர்மனில் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஜெர்மன் பேசலாமா?

நிறுத்தாதீர்கள். தப்பும் தவறுமாக நீங்கள் பேசும் ஜெர்மனை அவன் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது? உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் கதை சொல்லுங்கள், சண்டை போடுங்கள், விளக்கம் கொடுங்கள். ஜெர்மன் அவனுக்கு அங்கே வரும். புது மொழிக்குள் விழுந்த குழந்தைகள் சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். வீட்டில் தமிழிலும் பேச்சு குறைவாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னும் நாலு வருடத்தில் அவன் ஜெர்மன் உங்களுடையதை மிஞ்சிவிடும். அப்போது ஒரு ஆசை வரும், வங்கிக்கும் மருத்துவரிடமும் அவனைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்க. செய்யாதீர்கள். அப்பாவின் சர்க்கரை அளவையும் அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியையும் எட்டு வயதுப் பிள்ளை வாயால் கேட்கக் கூடாது. பிள்ளைக்கு அது சுமை, வீட்டில் யார் பெரியவர் என்பதும் அங்கேயே புரண்டுவிடும். வயசுப் பிள்ளைகளோடு வரும் சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் பல நேரம் அடியில் இதுதான் இருக்கும்: பிள்ளை வேகமாக உள்ளே போய்விட்டது, பெற்றவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

ம்யூனிக், பதினொரு வருடமாக இருப்பவர்: நான் சொல்வது கசக்கும். நம் ஆட்கள் முன்னேறாததற்குக் காரணம் நம் ஆட்களோடேயே சுற்றுவது. பொங்கல், தமிழ்ச் சங்கம், வார இறுதி பிரியாணி. நான் முதல் நாளிலிருந்தே ஜெர்மன்காரர்களோடு மட்டும்தான் பழகினேன். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஹாம், யாழ்ப்பாணத்தவர்: தங்கச்சி, குறுக்க வாறன் எண்டு குறை நினைக்காதைங்கோ. தம்பி, நாங்கள் 85இல வந்த ஆக்கள். முகாமில இருந்தனாங்கள். மாவட்டத்தை விட்டு வெளிய போறதெண்டா அனுமதிக் கடிதம் வேணும். வேலை செய்ய விடேல்ல. டொச் (ஜெர்மன்) வகுப்பும் இல்ல. அப்ப ஆரோட ஒத்து வாழுறது? எங்கட ஆக்கள் இல்லாட்டி நாங்கள் விசராகியிருப்பம்.

ம்யூனிக்: ஐயா, நான் அகதிகளைச் சொல்லவில்லை.

ஹாம்: நீங்கள் சொல்லேல்ல. ஆனா கணக்கு எல்லாருக்கும் ஒண்டு எண்டுதானே கதைக்கிறியள்.

இதற்கு நான் நீளமாகவே பேச வேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான் பெர்ரி என்ற கனடா உளவியலாளர் இதை இரண்டு தனித்தனிக் கேள்வியாகப் பிரித்தார். உன் பண்பாட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறாயா? புது ஊர்க்காரர்களோடு கலக்க விரும்புகிறாயா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒருங்கிணைதல். முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் பிடித்தால் கரைதல், ம்யூனிக் தம்பி சொல்வது இது. முதலாவது மட்டும் என்றால் ஒதுங்குதல். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பதும் உண்டு. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று தம்பி நினைப்பதுதான் இடறும் இடம். அது தராசு இல்லை. பெர்ரி குழு 13 நாடுகளில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் படித்து 2006-இல் வெளியிட்டது. பெரிய கூட்டமாக இருந்தது இரண்டையும் பிடித்துக்கொண்டவர்கள்தான். பாகுபாட்டை அதிகம் அனுபவித்த பிள்ளைகள் மனநலத்திலும் நடைமுறை பழகுவதிலும் பின்தங்கியிருந்தார்கள்.

ஹாம் அண்ணா சொன்னது இந்தக் கடைசி வரியைத்தான். கலப்பது நம் கையில் மட்டும் இல்லை, கதவைத் திறப்பவர் கையிலும் இருக்கிறது. 1961-இல் துருக்கியிலிருந்து தொழிலாளரைக் கூட்டிவர ஒப்பந்தம் போட்டபோது, இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. 1964-இல் அந்த வரம்பு போனது, ‘எப்படியும் போகப்போகிறவர்கள்தானே’ என்ற நினைப்பு போகவில்லை. அரசே நாடு முழுக்க ஒருங்கிணைப்பு வகுப்பு நடத்தத் தொடங்கியது 2005-இல்தான். நாற்பது வருடம் எல்லாருக்கும் முறையாக மொழி சொல்லித் தராமல் இருந்துவிட்டு, ‘அவர்கள் தனியாகவே இருக்கிறார்கள்’ என்று குறை சொன்னால் எப்படி? புகலிடம் கேட்டவர்களை மாவட்ட எல்லைக்குள் நிறுத்தும் சட்டமும் 1982-இல் வந்தது.

ம்யூனிக்: நானும் படிக்கிறேன் அக்கா. 2021-இல் வந்த மறுஆய்வு, ‘இரண்டையும் பிடித்தால் நல்லது’ என்பதற்கு ஆதாரம் பலவீனம் என்றது.

சரியாகவே சொன்னீர்கள், மறைக்க மாட்டேன். 2013-இல் 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இரண்டையும் பிடிப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் பலமான தொடர்பு இருக்கிறது என்றார்கள். 2021-இல் பியர்வியாச்சோனெக்கும் குன்ஸ்டும் பார்த்தபோது தொடர்பு சின்னதாகிவிட்டது, காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் அநேகமாக இல்லை. நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் பழக முடிகிறது என்றும் இருக்கலாம். ஆனால் அதை வைத்து ‘ஆகவே தமிழ்ச் சங்கத்தை விட்டு ஓடு’ என்று எப்படி வந்தீர்கள்? அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

ஹாம்: எங்கட ஊரில 2002இல அம்மன் கோயில் கட்டி முடிச்சம். தேருக்கு இப்ப டொச்சுக்காரரும் வருகினம். நாங்கள் ஒதுங்கி இருந்தபடியாத்தான் கட்டினம், கட்டினபடியாத்தான் அவை வருகினம்.

அண்ணா, இதை நான் இனி வகுப்பில் சொல்லப் போகிறேன். தம்பி, உங்களுக்கு அந்த வழி பலித்தது, சந்தோஷம். நேற்று வந்த பெண்ணிடம் அதை அறிவுரையாகக் கொடுக்காதீர்கள். போதும், அடுத்தது.

ஃபிராங்க்ஃபர்ட்: அக்கா, பழக எத்தனை மாதம்…

மேலே. இரண்டு முறை.

லைப்ட்சிக்: ஞாயிறு காலை நான் மிக்ஸி போட்டதற்கு மாடிக்காரர் மணி அடித்துச் சண்டை. இனவெறியா?

அநேகமாக மிக்ஸி. ஞாயிற்றுக்கிழமை இங்கே அமைதி நாள், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையும் அப்படியே. சனிக்கிழமை அரைத்து வையுங்கள். சனிக்கிழமை அரைத்தும் மணி அடித்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு பதில் சொல்கிறேன்.

கோல்ன்: வந்த பிறகு எடை ஏறிவிட்டது, சர்க்கரை எல்லையில். குளிர்தான் காரணமா?

வைத்தியம் டாக்டர் சொல்வார். என் பக்கத்திலிருந்து ஒன்று. ஜப்பானிய வம்ச ஆண்களை ஜப்பான், ஹவாய், கலிஃபோர்னியா மூன்று இடத்திலும் ஒப்பிட்ட பழைய ஆய்வு ஒன்று உண்டு. ஜப்பானிலிருந்து கலிஃபோர்னியா பக்கம் போகப் போக இதய நோய் கூடியது. சாப்பாடுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1976-இல் மார்மட், சைம் இருவரும் கலிஃபோர்னியாவில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, ஜப்பானியச் சமூகப் பிணைப்போடு வாழ்ந்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது. சாப்பாடு, புகை, ரத்த அழுத்தம் இவற்றால் மட்டும் அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. வார இறுதி பிரியாணிக்கு யாரோடு உட்காருகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும், ம்யூனிக் தம்பி கவனிக்க. அளவாகச் சாப்பிடுங்கள்.

ட்ரெஸ்டன்: வகுப்பை அடுத்த வருடம் சேரலாம் என்று இருக்கிறேன்…

இல்லை.

பான், ஒன்பது வருடம் கழித்துச் சென்னை திரும்பப் போகிறவர்: ஊருக்குப் போவதற்கும் பழக வேண்டுமா? எல்லாரும் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். திரும்பிப் போகிறவர்களும் அதே திணறலைப் படுவதை 1963-லேயே கலஹார்ன் தம்பதியர் எழுதியிருக்கிறார்கள். வரும்போது அந்நியமாக இருக்கும் என்று தயாராக வந்தோம். போகும்போது அந்தத் தயாரிப்பு இல்லை. ‘எங்க ஊர்தானே’ என்று போய் இறங்கி, வரிசையில் யாராவது இடித்தால் எரிச்சல், அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தால் எரிச்சல், அந்த எரிச்சலைப் பார்த்து அவர்களுக்கு ‘வெளிநாட்டுத் திமிர்’ என்று எரிச்சல். உங்களைவிடப் பிள்ளைகளுக்குக் கடினம், அவர்களுக்கு அது திரும்புவதே இல்லை, புதிதாகக் குடியேறுவது. பள்ளி தொடங்க இரண்டு மாதம் முன்பே போய்விடுங்கள். முதல் ஆறு மாதம் ‘ஜெர்மனியில் எல்லாம்…’ என்று தொடங்கும் வாக்கியத்தை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இத்துடன் நிறுத்துகிறேன். பிளாக்டு அக்கவுண்ட் பற்றி இன்னும் ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். தூதரகம்.