சுடுமல்லியைச் சோளம் எப்படித் தடுக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: சோள வேரில் ஒட்டி வாழும் களையான சுடுமல்லி கண்ணில் பட்டதுமே பிடுங்கிவிடுகிறேன். ஆனாலும் சோளம் தேறவில்லையே, ஏன் ஐயா?

பதில்: அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே சில வாரங்கள் வேரில் ஒட்டி நீரையும் சத்தையும் உறிஞ்சியிருக்கும். அதற்காகப் பிடுங்குவதை விட்டுவிடாதீர்கள். பூக்குமுன் பிடுங்குங்கள். ஒரு செடி 50,000 விதைக்கு மேல் உதிர்க்கும். தூசி போன்ற அந்த விதை 10 ஆண்டு தாண்டியும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

கேள்வி: சுடுமல்லியை எதிர்க்கும் சோள ரகத்தின் வேரில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: சுடுமல்லி விதை தானாக முளைக்காது. மணிச்சத்து குறைந்த மண்ணில், சத்து தேடித்தரும் வேர்ப்பூஞ்சணத்தை அழைக்கச் சோள வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். சுடுமல்லி விதை அதை மோப்பம் பிடித்து முளைக்கிறது. எஸ்.ஆர்.என்.39 என்ற சோளத்தில் எல்.ஜி.எஸ்.1 மரபணு இல்லை. அதனால் 5-டீஆக்சிஸ்ட்ரைகோல் என்ற வகை ஸ்ட்ரைகோலாக்டோனுக்குப் பதில் ஓரோபாங்கோல் என்ற வகை கசிகிறது. அதற்குச் சுடுமல்லி சரியாக முளைப்பதில்லை. 2017-இல் வெளிவந்த இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: எதிரி வாசலுக்கு வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. ஃப்ரமிடா ரகத்தில் வேறு வழி. ஒட்டிய இடத்துச் செல்கள் தாமே செத்துப்போவதால் ஒட்டுண்ணிக்கு உள்ளே வழி கிடைக்காது.

கேள்வி: என் பயிர் எதிர்க்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விதைத்த 5 வாரத்தில் இரண்டு மூன்று செடியை மண்கட்டியோடு தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள். உதறாதீர்கள், உதறினால் ஒட்டியிருப்பது அறுந்துபோகும். பிறகு லென்ஸில் பாருங்கள். வேரில் ஒட்டிய வெள்ளை மொட்டு பருத்துச் செதில் விட்டிருந்தால் பயிர் தோற்கிறது. பழுப்புத் தழும்பும் அதில் காய்ந்த துணுக்கும் இருந்தால் எதிர்க்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் அவசரப்பட்டு எதிர்ப்பு என்று முடிவு கட்டாதீர்கள். அந்த இடத்தில் விதையே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் எளிதில் தாக்கப்படும் ரகம் ஒரு வரிசையாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: எதிர்ப்பு ரகம் மட்டும் போதுமா?

பதில்: போதாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த நிலத்தில் தூண்டும் கசிவு கூடும். மண் பரிசோதனைப்படி உரம் கொடுங்கள். பருத்தியைச் சுழற்சியில் சேருங்கள். அதன் வேர்க்கசிவு சுடுமல்லியை முளைக்கவைக்கும், ஆனால் ஒட்டி வளர விடாது. முளை சில நாளில் பட்டினியால் சாகும். ஸ்ட்ரைகோலாக்டோன் வகையைச் சேர்ந்த ஸ்ட்ரைகோல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே 1966-இல் பருத்தி வேரிலிருந்துதான். மண்ணில் விதை இருப்பு பெரிது, ஒரு பருவத்தில் தீராது.

கேள்வி: தக்காளியில் கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடி சுற்றினால்?

பதில்: கஸ்குட்டா ரிஃப்ளெக்ஸா என்றால், அது தன் உறிஞ்சு உறுப்பை ஊன்றும் இடத்தில் தக்காளித் தண்டு பழுப்பு அடுக்காகக் கெட்டிப்பட்டு அதைத் தடுத்துவிடும். மெல்லிய தண்டுள்ள கஸ்குட்டா காம்பெஸ்ட்ரிஸிடம் அந்தத் தடுப்பு செல்லாது. அது சுற்றிய கிளையை வெட்டி எரித்துவிடுங்கள்.